45 தடவை 'ரன்' அடிக்கணுமா பாஸ்?

இந்த வாரம் கொஞ்சம் ரகசியம் பேசலாம். ஹெச்.ஓ.டி. காதுல விழாத மாதிரி பக்கத்துல வாங்க.

ரெக்கார்டு நோட்டுலயும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்லயும் டேபிள் டேபிளா போடறோமே, அதுல எத்தனை வரி நிஜம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. முதல் மூணு ரீடிங் சத்தியமா எடுத்தது. அடுத்த ரெண்டு, பக்கத்து பேட்ச்கிட்ட வாங்கினது. மிச்சம்? சமையல்! கிராஃப் அழகா வளையணும்னு பாயின்டைப் போட்டுட்டு, அதுக்கு ஏத்த மாதிரி நம்பரை எழுதற கலைக்கு எல்லா காலேஜ்லயும் ஒரே பேர்தான்.

லேப்ல மல்டிமீட்டர் பிடிச்சு எடுக்கற ரீடிங்லதான் இந்த வேலை நடக்கும்னு நினைச்சீங்கன்னா, நீங்க ரொம்ப அப்பாவி. கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் பண்ணி எடுக்கற டேபிள்லயும் அதே அடுப்புதான் எரியுது. அங்கே மீட்டர் முள் ஆடாது, வயர் லூஸ் ஆகாது, ஐ.சி. புகையாது. அப்புறம் ஏன் சமைக்கணும்?

பதில் சிம்பிள். யாருக்கும் பொய் சொல்லணும்னு ஆசை இல்லை. போர் அடிக்குது, அவ்வளவுதான்! வேல்யூவை மாத்து, ரன் அடி, வேவ்ஃபார்ம் வரும், கர்சரை நகர்த்து, நம்பரைப் பார்த்து எக்செல்ல டைப் பண்ணு, மறுபடி வேல்யூவை மாத்து... பத்தாவது தடவைக்கு மேல எந்த மனுஷனாலயும் முடியாது.

ஆனா மெஷினால முடியும். அதுக்கு போரே அடிக்காது. இந்த வாரம் நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான்: திரும்பத் திரும்பச் செய்யற வேலையை மெஷின் தலையில கட்டிட்டா, சமைக்க வேண்டிய அவசியமே இருக்காது. மெக்கானிக்கல், சிவில் மக்களே, பக்கத்தைத் திருப்பிடாதீங்க. பீம் மேல லோடை மாத்தி மாத்தி ஓட்டறதும் இதே கதைதான்.

45 எங்கேர்ந்து வந்துச்சு?

ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரை சிப்புக்குள்ள டிசைன் பண்றீங்கன்னு வெச்சுக்கோங்க. ஃபேக்டரியில தயாராகற எல்லா டிரான்சிஸ்டரும் ஒரே மாதிரி வராது. சிலது வேகம், சிலது மந்தம். சிப்புல என் டைப், பி டைப்னு ரெண்டு வகை இருக்கறதால டைப்பிக்கல், ரெண்டும் ஃபாஸ்ட், ரெண்டும் ஸ்லோ, ஒண்ணு ஃபாஸ்ட் இன்னொண்ணு ஸ்லோ, அதோட தலைகீழ். ஆக மொத்தம் 5 கார்னர். சப்ளை வோல்டேஜ் 1.8-ன்னா, 10 சதவீதம் கூட, 10 சதவீதம் குறைய வெச்சு 1.62, 1.8, 1.98-னு 3. வெப்பநிலை மைனஸ் 40, 27, 125 டிகிரி செல்சியஸ்னு 3. பெருக்குங்க: 5 × 3 × 3 = 45.

ஒரு தடவைக்கு ரெண்டே நிமிஷம்னு வெச்சாலும் 90 நிமிஷம். சரி, பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சாச்சு. அப்புறம் கைடு வந்து, "ஏம்ப்பா, அந்த பயாஸ் ரெசிஸ்டரைக் கொஞ்சம் குறைச்சுப் பார்த்தியா?"ன்னு கேட்பார். மறுபடியும் 90 நிமிஷம். மூணாவது தடவை கேட்டா, "பார்த்தேன் சார், பெருசா மாறலை சார்"னு பதில் வரும். பார்த்திருக்கவே மாட்டோம்!

இதுல ரெண்டு நஷ்டம் இருக்கு. ஒண்ணு, டிசைன் அங்கேயே உறைஞ்சு போகுது. நல்லா ஆக்கியிருக்கலாம், ஆனா மறுபடி 45 தடவை யாரு ஓட்டறது? ரெண்டாவது, நாம சமைக்கற வரியிலதான் பெரும்பாலும் பாம் இருக்கும். 'சூடு ஏறினா சர்க்யூட் மோசமாகும், குளிர்ச்சியில ஜாலியா ஓடும்'னு ஒரு நம்பிக்கையில மைனஸ் 40 வரிகளை அழகா நிரப்பிடுவோம். ஆனா குளிர்ல டிரான்சிஸ்டரோட த்ரெஷோல்ட் வோல்டேஜ் ஏறும். சப்ளை ஏற்கெனவே இழுத்துப் பறிச்சு நிக்கற சர்க்யூட்ல, ஸ்லோ கார்னர், குறைஞ்ச வோல்டேஜ், மைனஸ் 40-ங்கற வரிதான் மூச்சு முட்டலாம். ரன் பண்ணாதவங்களுக்கு அது தெரியவே தெரியாது. எக்ஸ்டர்னல் வந்து, "தம்பி, இந்த வரிக்கு வேவ்ஃபார்ம் காட்டு"ன்னா முடிஞ்சது கதை.

பிறக்கும்போதே ஆட்டோமேட்டிக்!

இதுல செம காமெடி என்னன்னா, சர்க்யூட் சிமுலேட்டர் பிறந்ததே இப்படி மொத்தமா வேலையைக் கொடுத்துட்டுப் போறதுக்குத்தான். கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் போயிட்டு வரலாம்.

1969-70 கல்வியாண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகம். ரான் ரோரர்ங்கற பேராசிரியர் தன் வகுப்பு மாணவர்களை வெச்சு ஒரு சிமுலேட்டர் எழுத ஆரம்பிச்சார். அதுல ஒரு மாணவர் லாரி நாகெல். அவங்க வெச்ச பேர் 'கேன்சர்'! 'கம்ப்யூட்டர் அனாலிசிஸ் ஆஃப் நான்லீனியர் சர்க்யூட்ஸ், எக்ஸ்க்ளூடிங் ரேடியேஷன்'ங்கறதோட சுருக்கம். அந்தக் காலத்துல அமெரிக்க ராணுவப் பணத்துல எழுதின சிமுலேட்டர்கள் பல, கதிர்வீச்சு பட்டா சர்க்யூட் தாங்குமான்னு கணக்குப் போட வேண்டியிருந்தது. 'எங்ககிட்ட அந்தக் கணக்கு கிடையாது'ன்னு பேர்லயே குத்திட்டாங்க பசங்க.

ரோரர் பெர்க்லியை விட்டுப் போனதும் நாகெலுக்கு வழிகாட்டியா வந்தவர் டொனால்ட் பெடர்சன். அவர் ஒரே பிடிவாதமா, 'இந்த ப்ரோகிராம் யாருக்கும் தனிச்சொத்தா இருக்கக் கூடாது, எல்லாருக்கும் பொதுவா இருக்கற மாதிரி திருத்தி எழுது'ன்னுட்டார். அப்படி வந்ததுதான் 'ஸ்பைஸ்'. 1973-ல கனடாவின் வாட்டர்லூவில் நடந்த ஒரு கருத்தரங்கில் அறிமுகமாச்சு. 1975-ல ஸ்பைஸ் 2, 1989-ல 'சி' மொழியில் எழுதின ஸ்பைஸ் 3. இன்னைக்கு நாம இலவசமா இறக்கிக்கற என்ஜிஸ்பைஸ், எல்டிஸ்பைஸ் எல்லாம் இந்த வம்சத்துப் பிள்ளைகள்தான். ஐ.ஐ.டி. பாம்பேயில் இருக்கற ஃபாஸீ குழுவோட 'ஈசிம்' மென்பொருளுக்குள்ள ஓடற இன்ஜினும் என்ஜிஸ்பைஸ்தான்.

அந்த நாள்ல ஸ்கிரீனும் மவுஸும் எங்கே இருந்துச்சு? சர்க்யூட்டைப் பஞ்ச் கார்டுல ஓட்டை போட்டு, கட்டா கட்டிக் கொடுத்துட்டுப் போயிடணும். கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு ஓட்டி, பேப்பர்ல நம்பரா அடிச்சு வெச்சிருக்கும். அதனாலதான் இன்னைக்கும் டிரான்சிஸ்டர் விவரம் எழுதற வரியை 'மாடல் கார்டு'ன்னும், மொத்த ஃபைலை 'டெக்'னும் சொல்றாங்க. டெக்னா சீட்டுக்கட்டு! கலர் கலரா வர்ற வேவ்ஃபார்ம் விண்டோவெல்லாம் பின்னாடி வந்த மேக்கப். உள்ளே இருக்கறது இன்னமும் அதே ஆள்தான். டெக்ஸ்ட் ஃபைலைக் கொடு, ஓட்டறேன், நம்பரை வாங்கிக்கோ.

அந்த ஆளை நேரா பார்த்துப் பேசறதுதான் ஆட்டோமேஷன். பெரிய மந்திரம் ஒண்ணும் இல்லை.

கண்ணை மூடு, நம்பரைக் கேளு

ஸ்கிரிப்ட் எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. உங்க கேள்வியை நம்பரா மாத்தணும். 'வேவ்ஃபார்ம் நல்லா இருக்கா?'ங்கறது கேள்வி இல்லை. 'அவுட்புட் 3 டெசிபல் இறங்கற ஃப்ரீக்வென்சி எவ்வளவு?'ங்கறதுதான் கேள்வி. கர்சரை வெச்சுக் கண்ணால பார்க்கறதுக்குப் பதிலா, 'மெஷர்'னு ஒரு கட்டளை எல்டிஸ்பைஸ்லயும் இருக்கு, என்ஜிஸ்பைஸ்லயும் இருக்கு. ஒரு வரி எழுதினா போதும், ரன் முடிஞ்சதும் அந்த நம்பரை மட்டும் லாக் ஃபைல்ல எழுதி வெச்சிடும். இதை எழுத முடியலைன்னா, நமக்கு என்ன வேணும்னு நமக்கே தெரியலைன்னு அர்த்தம்.

உதாரணத்துக்கு நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஆர்.சி. லோ பாஸ் ஃபில்டரையே எடுத்துக்கலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 நானோ ஃபாரட் கெபாசிட்டர். கட் ஆஃப் ஃப்ரீக்வென்சி, ஒண்ணை 2 பை ஆர் சி-யால வகுத்தா வர்றது: 1592 ஹெர்ட்ஸ். முதல் ரன்ல சிமுலேட்டரும் இதையே சொல்லுதான்னு பாருங்க. சொல்லலைன்னா மேல போகாதீங்க! ஆட்டோமேஷன் தப்பான சர்க்யூட்டையும் அதே வேகத்துல ஆயிரம் தடவை ஓட்டும்.

இங்கே பலர் தலைகுப்புற விழற ரெண்டு குழி உண்டு. ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. எம்-னு போட்டா மில்லி. மெகா வேணும்னா எம்.ஈ.ஜி.-னு மூணு எழுத்தும் போடணும். 1 எம்-னு எழுதின மெகா ஓம் ரெசிஸ்டர், 1 மில்லி ஓமா மாறி வயர் மாதிரி உட்கார்ந்திருக்கும். இன்னொண்ணு, ஃபைலோட முதல் வரியை ஸ்பைஸ் தலைப்புன்னு நினைச்சு விட்டுடும். அங்கே ரெசிஸ்டரை எழுதினா, அந்த ரெசிஸ்டர் காலி!

வேலைக்காரனை வெச்சுக்கலாம் வாங்க

இப்போ திரும்பத் திரும்ப ஓட்டற விஷயம். ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, சிமுலேட்டருக்குள்ளேயே. எல்டிஸ்பைஸ்ல 'ஸ்டெப்'னு ஒரு கட்டளை. ரெசிஸ்டருக்கு நம்பருக்குப் பதிலா ஒரு பேரைக் கொடுத்துட்டு, அந்தப் பேருக்கு என்னென்ன வேல்யூன்னு லிஸ்ட் போட்டா, ஒரே கிளிக்ல எல்லாத்தையும் வரிசையா ஓட்டிடும். என்ஜிஸ்பைஸ்ல 'கன்ட்ரோல்'னு ஆரம்பிக்கற ஒரு பகுதிக்குள்ள லூப் எழுதலாம். சின்ன வேலைக்கு இதுவே தாராளம்.

ரெண்டாவது வழி, வெளியேர்ந்து ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். முதல் வருஷத்துல படிச்ச ஃபார் லூப் தெரிஞ்சா போதும். ஸ்கிரிப்ட் செய்யற வேலை அஞ்சே படி: சர்க்யூட் ஃபைலோட மாதிரியைத் திற. மாத்த வேண்டிய இடத்துல புது வேல்யூவை வை. புதுப் பேர்ல சேவ் பண்ணு. என்ஜிஸ்பைஸை 'பேட்ச் மோட்'ல, அதாவது விண்டோ திறக்காம, ஓட்டு. லாக் ஃபைல்லேர்ந்து நம்பரை எடுத்து டேபிள்ல ஒரு வரி சேர். இந்த அஞ்சையும் 45 தடவை செய். அம்புட்டுத்தான்!

எழுதும்போது மூணு விஷயத்தை மறக்காதீங்க.

ஒண்ணு, ஒவ்வொரு ரன்னுக்கும் வேற வேற ஃபைல் பேர். ஒரே பேர்ல எழுதினா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்துக்கும்.

ரெண்டு, ஒரு ரன் முடிஞ்ச உடனே அதோட வரியை டிஸ்க்ல எழுதிடணும். கடைசியில மொத்தமா எழுதிக்கலாம்னு வெச்சா, 44-வது ரன்ல கரண்ட் போகும். மறுபடி ஆரம்பிக்கும்போது, ஏற்கெனவே முடிஞ்ச வரிகளை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் ஓட்டற மாதிரி எழுதுங்க. ரெண்டு மணி நேரம் மட்டும் லேப் கிடைக்கற நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு இது வரப்பிரசாதம்.

மூணாவதுதான் முக்கியம். சில ரன் 'கன்வெர்ஜ்' ஆகாம நடுவுல செத்துப் போகும். ஸ்கிரிப்ட் அதைச் சத்தம் போடாம தாண்டிப் போனா, டேபிள் பார்க்க அழகா இருக்கும். ஆனா அதுவும் சமையல்தான் பாஸ்! மெஷினை வெச்சுச் சமைக்கறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வரியில 'ஃபெயில்'னு எழுத வைங்க. ஏன் செத்துச்சுன்னு பார்த்தா, பல சமயம் டிசைனைப் பத்தி ஏதாவது ஒரு விஷயம் அங்கேதான் கிடைக்கும்.

ஆயிரம் போர்டு கதை

நம்ம ஆர்.சி. ஃபில்டருக்கு வருவோம். கடையில வாங்கற ரெசிஸ்டருக்கு 5 சதவீதம் டாலரன்ஸ், கெபாசிட்டருக்கு 10 சதவீதம். கட் ஆஃப் ஃப்ரீக்வென்சி 1592-லேர்ந்து 10 சதவீதத்துக்கு மேல விலகக் கூடாதுன்னு கண்டிஷன். ரெண்டு பார்ட்டும் உச்சத்துல இருந்தா 1378 ஹெர்ட்ஸ். ரெண்டும் அடிமட்டத்துல இருந்தா 1861. ரெண்டுமே கண்டிஷனைத் தாண்டுது. ஃபெயில்!

சரி, நல்ல பார்ட் வாங்கலாம். ஆனா ரெண்டுல எதை? 1 சதவீத ரெசிஸ்டரா, 5 சதவீத கெபாசிட்டரா? உச்சத்தையும் அடிமட்டத்தையும் மட்டும் பார்த்தா, ரெண்டுமே மறுபடி ஃபெயில்னுதான் வரும். 1 சதவீத ரெசிஸ்டர் போட்டா உச்ச விலகல் 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. 5 சதவீத கெபாசிட்டர் போட்டா 11-க்குக் கொஞ்சம் கீழ. இதை வெச்சு என்ன முடிவெடுக்க முடியும்?

இங்கேதான் 'மான்டி கார்லோ' வருது. சூதாட்ட ஊரோட பேர்தான். 1946-ல ஸ்டானிஸ்லா உலாம்ங்கற கணித மேதை உடம்பு சரியில்லாம ஓய்வுல இருந்தப்போ, சீட்டுக்கட்டுல 'சாலிட்டேர்' ஆடிக்கிட்டே யோசிச்சது. ஜெயிக்கற வாய்ப்பைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கறதை விட, நூறு தடவை ஆடி எத்தனை ஜெயிச்சோம்னு எண்ணிட்டா என்ன? அதே ஐடியாதான் இங்கேயும். டாலரன்ஸ் எல்லைக்குள்ள ஏதோ ஒரு வேல்யூவைக் குலுக்கிப் போட்டு எடுத்து, ஒரு போர்டு செஞ்ச மாதிரி ஓட்டு. இப்படி ஆயிரம் போர்டு.

எல்லைக்குள்ள எந்த வேல்யூவுக்கும் சம வாய்ப்புன்னு வெச்சுக்கிட்டா, பதில் இப்படி வரும். முதல்ல இருந்த பார்ட்டுகளோட ஆயிரத்துக்குச் சுமார் 126 போர்டு ஃபெயில். அதாவது எட்டுல ஒண்ணு! ரெசிஸ்டரை 1 சதவீதமா மாத்தினா சுமார் 46. ரெசிஸ்டரை அப்படியே விட்டுட்டு கெபாசிட்டரை 5 சதவீதமா மாத்தினா வெறும் 2 அல்லது 3! இப்போ காசை எங்கே போடணும்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும். மூணு கேள்விக்கு மூவாயிரம் ரன். கையால யாரு ஓட்டுவாங்க? அதனாலதான் பல ப்ராஜெக்ட்ல இந்தக் கேள்வியே எழறதில்லை. நிஜத்துல ஒரே ரீல்லேர்ந்து வர்ற பார்ட்டுகள் எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சிருக்கவும் செய்யும். அதனால சம வாய்ப்புங்கறது நாம வெச்சுக்கிட்ட ஊகம்தான். ரிப்போர்ட்ல அதையும் ஒரு வரி எழுதிடுங்க.

எத்தனை தடவை ஓட்டினா போதும்?

ஆயிரம் எதுக்கு, நூறு போதாதா? நல்ல கேள்வி. 126 கேஸையே பாருங்க. நூறு தடவை மட்டும் ஓட்டினா, ஒருத்தருக்கு 9 ஃபெயில் வரும், பக்கத்து பெஞ்ச்காரருக்கு 16 வரும். ரெண்டு பேருமே சரியாத்தான் செஞ்சிருப்பாங்க. குலுக்கல்ல வர்ற ஆட்டம் அது. இந்த ஆட்டம் ரன் எண்ணிக்கையோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் குறையும். ஆட்டத்தைப் பாதியாக்கணும்னா நாலு மடங்கு ரன் வேணும். பத்து மடங்கு ஓட்டினாலும் ஆட்டம் மூணுல ஒரு பங்காத்தான் குறையும்.

இன்னொண்ணு. 5 சதவீத கெபாசிட்டர் கேஸ்ல நூறு தடவை ஓட்டினா, பெரும்பாலும் ஒண்ணுகூட ஃபெயில் ஆகாது. உடனே 'என் டிசைன் நூத்துக்கு நூறு'ன்னு ஸ்லைடுல போட்டுடாதீங்க! இதுக்கு ஒரு ஈஸி ஃபார்முலா உண்டு. ஒரு ஃபெயிலும் இல்லைன்னா, 3-ஐ ரன் எண்ணிக்கையால வகுங்க. 95 சதவீத நம்பிக்கையோட நீங்க சொல்லக்கூடியது அவ்வளவுதான். நூறு ரன்னுக்கு 100-ல 3 வரைக்கும் ஃபெயில் ஆகலாம். ஆயிரம் ரன்னுக்கு 1000-த்துல 3 வரைக்கும். வைவாவுல இதைச் சொல்லிப் பாருங்க, எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார்.

வேகம், வேகம்!

ஒரு ரன்னுக்கு 6 செகண்டுன்னா ஆயிரத்துக்கு 100 நிமிஷம். இதை எப்படிக் குறைக்கறது?

முதல்ல, தேவையில்லாத வேலையை வெட்டுங்க. ஃபில்டரோட கட் ஆஃப் தெரியணும்னா ஏ.சி. அனாலிசிஸ் போதும். சைன் வேவ் கொடுத்து டிரான்சியன்ட் ஓட்டறது, தெருமுனைக் கடைக்கு டிரெயின் பிடிக்கற மாதிரி. எல்லா நோடோட வோல்டேஜையும் சேவ் பண்ணாதீங்க. வேணுங்கற ஒண்ணு ரெண்டு மட்டும்னு சொல்லிட்டா, டிஸ்க்ல கொட்டற நேரம் மிச்சம்.

பவர் எலக்ட்ரானிக்ஸ் மக்களுக்கு ஸ்பெஷல் டிப்ஸ். 100 கிலோ ஹெர்ட்ஸ்ல ஓடற பக் கன்வெர்ட்டர், 10 மில்லி செகண்ட்ல நிலைக்கு வருதுன்னா, அதுக்குள்ள 1000 சுத்து சுத்தியிருக்கும். ஒரு சுத்துக்கு 100 புள்ளின்னாலே ஒரு லட்சம் புள்ளி! உங்களுக்குத் தேவை கடைசி சில சுத்துதான். அவுட்புட் 5 வோல்ட்ல நிக்கும்னு தெரிஞ்சா, கெபாசிட்டர்ல ஆரம்பத்துலயே 5 வோல்ட் இருக்கு, இன்டக்டர்ல இவ்வளவு கரன்ட் ஓடுதுன்னு சொல்லிட்டு ஆரம்பிங்க. ஒரே ஒரு தடவை மட்டும் முழுசா ஓட்டி, ரெண்டு விடையும் ஒத்துப் போகுதான்னு பார்த்துக்கோங்க.

அடுத்தது, க்யூவைப் பிரிங்க. ரயில்வே ஸ்டேஷன்ல நாலு கவுன்ட்டர் இருந்தும் எல்லாரும் ஒரே கவுன்ட்டர்ல நின்னா எப்படி? உங்க லேப்டாப்ல நாலு கோர் இருக்கு. ஒவ்வொரு ரன்னும் மத்த ரன்னுக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. அதனால ஒரே நேரத்துல நாலு என்ஜிஸ்பைஸைத் தனித்தனியா ஓட்டலாம். பைத்தான்ல 'மல்டிபிராசஸிங்'னு ரெடிமேடாவே இருக்கு. 100 நிமிஷம் 25-க்குப் பக்கத்துல வந்துடும். சரியா 25 வராது, மெமரியையும் டிஸ்கையும் நாலு பேரும் பங்கு போட்டுக்கறாங்க இல்லையா? கோர் எண்ணிக்கைக்கு மேல அள்ளிப் போட்டா வேகம் ஏறாது, ஃபேன் சத்தம்தான் ஏறும்.

குறுக்கு வழி ஒண்ணும் இருக்கு. 'ரெல்டால்'ங்கற செட்டிங்கைத் தளர்த்தினா சிமுலேஷன் வேகமா ஓடும். வழக்கமா அது 0.001. தளர்த்தினா கணக்கும் தளரும். உங்க விடை எத்தனை தசமம் வரைக்கும் சரியா இருக்கணும்னு தெரியாம அதுல கை வைக்காதீங்க.

ஓட்டி முடிச்சாச்சு, அப்புறம்?

இப்போ உங்க கையில 45 வரியோ ஆயிரம் வரியோ இருக்கற நிஜ டேபிள். உடனே ஸ்லைடுக்கு ஓடாதீங்க. டேபிள்ல இருக்கறதிலேயே மோசமான வரியைத் தேடி, அதை மட்டும் தனியா, வேவ்ஃபார்மோட, கண்ணால பாருங்க. மெஷர் கட்டளை சரியான இடத்தைத்தான் அளந்துச்சா? ஏன் இந்த வரி இவ்வளவு மோசம்? எந்த டிரான்சிஸ்டர் படுத்துடுச்சு? 45 தடவை கர்சர் நகர்த்தி மிச்சமான நேரமெல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான்.

சர்க்யூட் ஃபைல், ஸ்கிரிப்ட், குலுக்கலுக்குக் கொடுத்த 'சீட்' நம்பர் மூணையும் ஒரே ஃபோல்டர்ல வையுங்க. சீட் ஒண்ணா இருந்தா குலுக்கலும் ஒண்ணாவே வரும். யார் எப்போ ஓட்டினாலும் உங்க டேபிள் அப்படியே வந்து நிக்கும். சமைச்ச டேபிள்ல இது மட்டும் நடக்கவே நடக்காது.

சிப் டிசைன் எல்லாம் பெரிய காலேஜ் பசங்களுக்குத்தான்னு ஒதுங்கியும் போகாதீங்க. 2020-ல கூகுளும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் சேர்ந்து 130 நானோமீட்டர் சிப் தயாரிப்போட மாடல் ஃபைல்களை எல்லாருக்கும் இலவசமாத் திறந்து விட்டாங்க. அஞ்சு கார்னரும் அதுக்குள்ளயே இருக்கு, என்ஜிஸ்பைஸ்ல ஓடும். பெடர்சன் பிடிச்ச அதே பிடிவாதத்தோட தொடர்ச்சின்னு வெச்சுக்கலாம். லைசென்ஸ் காசு இல்லைங்கற சாக்கும் போச்சு!

இந்த வார ஹோம் ஒர்க்: அந்த ஆர்.சி. ஃபில்டரை ஆயிரம் தடவை ஓட்டி, 126-க்குப் பக்கத்துல வருதான்னு பாருங்க. 115 வந்தாலும் 135 வந்தாலும் பயப்படாதீங்க, ஏன்னு மேலேயே சொல்லியாச்சு. 126-ஏதான் வரணும்னு ஒரு நம்பரை மட்டும் மாத்தணும்னு கை அரிக்கும் பாருங்க... அந்தக் கையை மட்டும் கொஞ்சம் கட்டிப் போடுங்க!

அடுத்த வாரம் பார்க்கலாம். வர்ட்டா?